தகரத் துண்டிலிருந்து பி.எஸ்.டபிள்யூ வரை

கோவில்பட்டிச் சரித்திரத்தைத் தீப்பெட்டியில் தொடங்கிக் கடலைமிட்டாயில் முடிப்பது மரபு. இரண்டையும் ஓரமாக வைத்துவிட்டு விசாவில் தொடங்குவோம். பருத்திக்கு அடுத்தபடி இந்தக் கரிசல் சீமை ஏற்றுமதி செய்தது ஆட்களைத்தானே!

நம் ஆட்களுக்கு முதல் வேலை விசா தகரத்தில் வந்தது. இருபதாம் நூற்றாண்டு பிறந்த கையோடு, இலங்கைத் தோட்டத்துத் துரைமார் ஒரு தகர வில்லையில் தோட்டத்தின் எண்ணை அடித்துக் கங்காணி கையில் கொடுத்துவிட்டார்கள். அதை வாங்கி மாட்டியவர் தட்டப்பாறை முகாமில் காத்துக் கிடந்து, தூத்துக்குடியில் கப்பலேறி, கொழும்பில் இறங்கலாம். தகுதி விதி ஒன்றே ஒன்று: வில்லையைத் தொங்கவிடக் கழுத்து இருக்க வேண்டும். பட்டம் வேண்டாம், ஆங்கிலப் பரீட்சை வேண்டாம், பாஸ்புக் வேண்டாம். வழிச்செலவைக்கூடத் தோட்டமே பார்த்துக்கொண்டது. பிற்பாடு கடன் கணக்கில் உங்கள் பேருக்கு நேரே பற்றும் எழுதிக்கொண்டது. 'ஸ்பான்சர்' என்ற மகானை நம் ஊர்க்காரர்கள் முதன்முதலில் தரிசித்தது அப்போதுதான்.

அதே காலத்தில் பக்கத்து எட்டயபுரத்தில் ஒருவர் வெளியூர்ப் படிப்பு முடித்துத் திரும்பினார். காசியில் படித்த சுப்பிரமணிய பாரதிக்கு ஜமீன் அரண்மனையில் வேலை. காலவரம்பே இல்லாத அந்த விசாவை அவரே ரத்து செய்துவிட்டு, 1904-இல் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் தற்காலிகத் தமிழாசிரியரானார். அது மூன்று மாதச் சொச்சம்தான் ஓடியது. 1908-இல் பிரெஞ்சுக்காரன் ஆண்ட புதுச்சேரிக்குள் புகுந்து பத்து வருஷம் இருந்தார். அத்தனை வருஷம் அங்கே தங்கியவரைப் பிடிக்க முடியாத வெள்ளைக்காரர்கள், 1918 நவம்பரில் அவர் பிறந்த நாட்டுக்குள் கால் வைத்ததும் கடலூரில் பிடித்துக்கொண்டார்கள். விதி எழுதுகிறவனுக்கு அன்றைக்கு யார் தேவை, யார் தொந்தரவு என்பதே தகுதியின் மூலமந்திரம். அதற்குப் பிந்தைய சரித்திரம் முழுக்க இதன் விரிவுரைதான்.

இனி லண்டன் ராஜ்ஜியம். 2004-இல் பிரிட்டனுக்கு இன்ஜினீயர் பசி எடுத்தது. அங்கே வந்து அறிவியல், கணிதம், பொறியியல் படித்து இரண்டாம் வகுப்பிலாவது தேறிய வெளிநாட்டு மாணவர்கள் ஒரு வருஷம் இருந்து வேலை பார்க்கலாம் என்றார்கள். 2005-இல் ஸ்காட்லாந்துக்கு வேறு கவலை: சனத்தொகை ஐம்பது லட்சத்துக்குக் கீழே இறங்கிவிடுமாம். முதலமைச்சர் ஜாக் மெக்கானல், எங்களிடம் படித்தால் இரண்டு வருஷம் என்று கூவி அழைத்தார். பிள்ளை பெற வேண்டியவர்கள் பெறாததால் நம் பிள்ளைகளுக்குத் தகுதி வந்தது. 2008-இல் எல்லாவற்றையும் உருட்டிச் சேர்த்து, எந்தப் பாடமானாலும் இரண்டு வருஷம் என்று 'போஸ்ட் ஸ்டடி வொர்க்' விசாவைப் பிரதிஷ்டை செய்தார்கள். அதுதான் நம் ஏஜெண்டுகள் இன்றும் ஜபிக்கும் பி.எஸ்.டபிள்யூ.

2012 ஏப்ரலில் உள்துறை அமைச்சர் தெரசா மே அம்மையார் நடையைச் சாத்தினார். படித்து முடித்த நாலு மாதத்துக்குள், வருஷத்துக்கு 20,000 பவுண்டாவது தரும் ஸ்பான்சரைப் பிடி, இல்லையென்றால் விமானத்தைப் பிடி! ஏழு வருஷம் கழித்து போரிஸ் ஜான்சன் வந்தார். தலையைச் சீவ நேரமில்லாத அந்த மனிதர் 2019 செப்டம்பரில் நடையைத் திறப்பதாக அறிவித்தார். இடையில் கொரோனா புகுந்ததில் மாணவர்கள் சொந்த வீட்டு மொட்டைமாடியில் உட்கார்ந்து சீமைப் படிப்புப் படித்தார்கள். குறித்த தேதிக்குள் அங்கே போய் இறங்கிவிட்டால் அதுவும் செல்லும் என்றார்கள். 2021 ஜூலை 1-இல் 'கிராஜுவேட்' விசா பிறந்தது: பட்டதாரிக்கு இரண்டு வருஷம், பி.எச்டி.க்கு மூன்று.

இதன் விதிகளில் ரசிக்க நிறைய உண்டு. வேலை கையில் இருக்க வேண்டியதில்லை, சம்பள வரம்பும் இல்லை. ஆனால் விண்ணப்பிக்கும்போது ஆள் பிரிட்டனில்தான் இருக்க வேண்டும். அக்கா கல்யாணத்துக்கு வந்தவர் அப்படியே எட்டயபுரம் ரோட்டு பிரவுசிங் சென்டரிலிருந்து விண்ணப்பிக்க முடியாது. மாணவர் விசா உயிரோடு இருக்க வேண்டும். இவன் படித்து முடித்தான் என்று பல்கலைக்கழகமே உள்துறைக்குச் சொல்லியிருக்க வேண்டும். எந்த வேலையும் பார்க்கலாம், தொழில்முறை விளையாட்டைத் தவிர. லட்சுமி அம்மாள் கோப்பைக்கு ஊரே ஹாக்கி மைதானத்தில் திரளும் கோவில்பட்டியைக் குறிவைத்தே இதை எழுதியிருப்பார்கள் போலிருக்கிறது.

இந்த விசா பிறப்பதற்கு ஆறேழு வாரம் முன்புதான் இடைசெவல் எழுத்தாளர் கி. ராஜநாராயணன் காலமானார். பட்டமே வாங்காமல் புதுவைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக உட்கார்ந்தவர். பட்டதாரிகளுக்குப் பாடம் சொல்லும் அளவுக்குத் தகுதி. கிராஜுவேட் விசா கேட்டால் முதல் கட்டத்திலேயே தள்ளுபடி.

பிறகு வழக்கம்போல் பசி அடங்கியது. 2024 ஜனவரியில், ஆராய்ச்சி மாணவரைத் தவிர மற்றவர் குடும்பத்தைக் கூட்டிவரக் கூடாது என்றார்கள். அதே வருஷம் மே மாதம் அரசே அமர்த்திய குடியேற்ற ஆலோசனைக் குழு, விசா இருக்கட்டும் என்று பரிந்துரைத்தது. மறு வருஷம் கியர் ஸ்டார்மர் அரசு, இருக்கட்டும், ஆனால் இரண்டு வருஷம் ஒன்றரையாகட்டும் என்றது. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்போருக்கு அந்த ஒன்றரைதான், பி.எச்டி.க்கு மட்டும் பழைய மூன்று. கட்டணம் குறைந்ததா என்று கேட்காதீர்கள். 2025 ஏப்ரல் கணக்குப்படி விண்ணப்பத்துக்கு 880 பவுண்டு, அதுபோக மருத்துவ வரி வருஷத்துக்கு 1,035.

மழைக்கு முன்னே தேதி கணித்துப் புழுதி விதைப்பு போடுகிற சம்சாரிக்கு இது புரியாததல்ல. விமானம் ஏறும் நாளில் இருக்கும் விதியை நம்பாமல், படிப்பு முடியும் நாளில் எது இருக்கும் என்று பார்க்க வேண்டும். ஓராண்டு முதுகலைக்கு 2025 செப்டம்பரில் சேர்ந்தவர், தேர்வு முடிவு நேரத்துக்கு வந்தால், 2026 டிசம்பருக்குள் விண்ணப்பித்து இரண்டு வருஷம் வாங்கலாம். அதே கல்லூரி, அதே பாடம், 2026 ஜனவரியில் சேர்ந்தவருக்கு ஒன்றரைதான். மார்க்குக்கும் மூளைக்கும் இதில் சம்பந்தமே இல்லை. குறைந்துபோன ஆறு மாதத்தை உள்துறை மறந்துவிடும். மானாவாரிக் காட்டை அடமானம் பிடித்த பேங்க் மேனேஜர் மறக்கமாட்டார்.