தோலுரித்த தரைச் சுவர்க்கோழியின் குலம் கோத்திரம்: ஒரு முதற்கட்ட ஆய்வு

கிழக்கு அமெரிக்கப் புல்வெளிகளில் பழுப்பு நிறமாய்த் துள்ளித் திரியும் தரைச் சுவர்க்கோழியின் குஞ்சு ஒருநாள் வெள்ளைவெளேரென்று வந்து நின்றால், பார்த்தவர்கள் மூன்று கட்சியாகப் பிரிகிறார்கள். ஒரு கட்சி கறையான் என்கிறது. இன்னொன்று கரப்பான் என்கிறது. சற்றே படித்த மூன்றாவது, நிறமிக் குறைபாடு என்று தீர்ப்பே எழுதிவிடுகிறது. மூவரும் நிறத்தை நம்பிக் கெட்டவர்கள். வெண்மை பூச்சியின் குலத்தைச் சொல்வதில்லை, நேரத்தைத்தான் சொல்கிறது: பழைய தோலைக் கழற்றி அதிக நேரம் ஆகவில்லை, அவ்வளவே. புதுத்தோல் சில மணி நேரத்தில் இறுகும். நிறமும் கூடவே ஏறும். உடம்பெல்லாம் வெளுத்திருக்கக் கண் மட்டும் கறுத்திருப்பதால் நிறமிக் கட்சி தோற்கிறது. தோலுரித்த கரப்பானும் வெள்ளைதான் என்பதால் கரப்பான் கட்சிக்குக் கொஞ்சம் மரியாதை தரலாம். ஆனால் தாவுவதற்கென்றே பருத்த பின்தொடை கரப்பானுக்கும் இல்லை, கறையானுக்கும் இல்லை. உரித்த தோலைத் தேடலாமே என்பார்கள். குஞ்சு பெரும்பாலும் அதைத் தின்று தீர்த்திருக்கும்.

சுவர்க்கோழிதான் என்று ஒப்புக்கொண்டாலும், அது வயல் சுவர்க்கோழி என்னும் பெரிய வகையின் சின்னக் குஞ்சாக இருக்கக்கூடாதா? நியாயமான ஆட்சேபம் இது ஒன்றுதான். பின்னங்காலின் முழங்காலுக்குக் கீழே பாருங்கள். வயல்வகைக்கு முட்கள் குட்டை, தடிமன், அசையாதவை. தரைவகைக்கு நீளம், மெல்லிய மயிர், அசையும் தன்மை. புதுத்தோலில் எந்த முள்தான் வளையாது என்று மடக்குபவர்களுக்காக, அசைவை விட்டுவிட்டு நீளத்தையும் மயிரையும் மட்டும் கணக்கில் கொள்வோம். போதாதென்றால் இறக்கை மொட்டு இருக்கிறது. தரைவகை முழுதாக வளர்ந்தாலே ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர்தான். அதற்கும் குறைந்த உடம்பில் மொட்டு நன்றாகத் தெரிந்தால், அது கடைசித் தோலுரிப்பை நெருங்கிவிட்ட சிறுவகை. அந்த அளவில் வயல்வகைக் குஞ்சுக்கு மொட்டு அப்படி வளர்ந்திருக்காது.

இனப்பெயரும் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்குச் சொல்ல ஒன்றுண்டு. பாட்டைக் கேட்டு இனம் பிரிக்கலாம் என்றால், பாடுவது வளர்ந்த ஆண் மட்டுமே, குஞ்சு ஊமை. அல்லோனெமோபியஸ் ஃபேசியேட்டஸ், அல்லோனெமோபியஸ் சோஷியஸ் என்னும் இரண்டு தரைவகை இனங்களும், வளர்ந்த நிலையிலேயே பார்வைக்குப் பிடிபடாமல், 1980களில் புரதங்களைச் சோதித்துத்தான் பிரிக்கப்பட்டன. ஆகவே பெயர்ச்சீட்டில் ‘தரைச் சுவர்க்கோழி, குஞ்சு, அண்மையில் தோலுரித்தது’ என்பதற்கு மேல் ஒரு சொல் சேர்த்தாலும் அது ஊகம்தான்.