பாட்டுப் பாடும் பன்றி

கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவு. காரவள்ளியில் வண்டி ஏறத் தொடங்கியதுமே என் மகள் எண்ண ஆரம்பித்தாள். 31-இல் எண்ணிக்கை நின்றது; அவளுக்கு வேறு வேலை வந்துவிட்டது. பையை நான் பிடித்துக்கொண்டேன்.

“மேல போனா ஆகாயத்துல இருந்து கங்கை கொட்டும்” என்று ஒரு வாரமாக அவளிடம் அளந்துவிட்டிருந்தேன். ஆகாய கங்கை அருவி சுமார் 300 அடி என்பது உண்மைதான். அதைப் பார்க்க ஆயிரத்துச் சொச்சம் படி இறங்க வேண்டும், இறங்கியதை எல்லாம் ஏறவும் வேண்டும் என்பதை மட்டும் சொல்லவில்லை. நல்லவேளை, சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை. செம்மேடு போய்ச் சேர்வதற்குள் மழை பிடித்துக்கொண்டது.

விடுதி ஹாலில் டிவி இருந்தது, சிக்னல் இல்லை. செல்போனிலும் அதே கதை. கேரம் போர்டு இருந்தது, ஸ்ட்ரைக்கர் இல்லை. அப்போதுதான் மச்சினன் தன் பையிலிருந்து பென் டிரைவை எடுத்தான். 2019-இல் வந்த ‘தி லயன் கிங்’, தமிழில்.

போட்டவன் அவன். ஆரம்பத்திலிருந்து குறை சொன்னவனும் அவன்தான். 1994-இல் வந்த பழைய படத்தைச் சின்ன வயதில் சி.டி. தேயத் தேயப் பார்த்தவன். “அதுல சிங்கத்தோட புருவமே நடிக்கும் மாமா. இதுல நெஜ சிங்கம் மாதிரி பண்ணி வச்சிருக்கான், மூஞ்சி அசைய மாட்டேங்குது.” திரையில் அப்பன் சிங்கம் செத்துக் கிடக்கிறது, இவன் புருவத்தைத் தேடிக்கொண்டிருக்கிறான். பழைய படத்தைப் பார்த்தேயிராத என் மகளோ, என் தோளில் மூக்கைச் சிந்திச் சிந்தி அழுகிறாள். ஒரே ஹால், ஒரே டிவி, ஒரே சிங்கம்.

பழைய படத்தின் தமிழ் வடிவத்தில் நாயகன் சிம்பாவுக்குக் குரல் கொடுத்த அரவிந்த்சாமி, புதியதில் வில்லன் சித்தப்பா ஸ்காருக்குப் பேசியிருக்கிறார். 25 வருடத்தில் நாமெல்லோருமே சித்தப்பா ஆகிவிட்டோம் என்று மச்சினனுக்கு ஆறுதல் சொன்னேன். அதற்கும் முறைத்தான்.

அவனைச் சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. 2014 மே மாதம் ‘கோச்சடையான்’ வந்தபோது நான் ஆடிய ஆட்டம் நாமக்கல்லில் பலருக்கு நினைவிருக்கும். ‘அவதார்’ மாதிரியே நடிகரின் அசைவைப் பதிவுசெய்து உருவத்துக்குள் ஏற்றும் மோஷன் கேப்சர், அதில் ரஜினி, இசை ரஹ்மான். படம் வருவதற்குள், ‘அவதார்’ எடுத்த கேமரூனைவிட அதிகமாகச் செலவழித்து என் மண்டைக்குள்ளேயே ஒரு கோச்சடையானை எடுத்து முடித்திருந்தேன். தியேட்டரில் ஓடியது அதோடு மோத வேண்டியிருந்தது, பாவம். 2009-இல் காலமான நாகேஷை அந்தப் படத்தில் மறுபடி நடமாட விட்டிருந்தார்கள். எவ்வளவு பெரிய காரியம்! நானோ பக்கத்து சீட்டுக்காரரிடம், “தலைமுடி சரியா பறக்கலீங்களே” என்றேன். அவர் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, தோசைக்குக் காத்திருந்த நேரத்தில் டிவியில் அதே படம் பாதியிலிருந்து ஓடியது. நன்றாகத்தான் இருந்தது. தோசை தீய்ந்ததுகூடத் தெரியவில்லை.

இடைவேளை விட்டு, மகளின் அழுகையை நிறுத்த உள்ளூர்ச் சரக்கை எடுத்துவிட்டேன். இந்த மலையில் கொல்லிப்பாவை என்று ஒரு பொம்மை உண்டு. தெய்வம் செய்து வைத்தது. பகைவர் வந்தால் தானாக அசையும், சிரித்து மயக்கியே கொன்றுவிடும். சங்கப் பாட்டிலேயே வருகிறது என்றேன். அனிமேஷனில் நாம் அமெரிக்காக்காரனுக்கு முன்னோடி என்று மச்சினனைப் பார்த்து ஒரு வரி சேர்த்துக்கொண்டேன். இங்கே கோயில் கொண்டிருக்கும் எட்டுக்கை அம்மன்தான் அந்தப் பாவை என்பவர்களும் உண்டு.

“நாளைக்குப் போனா சிரிக்குமா?”

“சிரிக்காம இருக்கிறதுதான் நமக்கு நல்லது.”

சுக்குக் காப்பி கொண்டுவந்த ஆயா வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். விடுதியில் சமையல் அவர்தான். இப்படியொரு படம் உண்டென்பதே அவருக்குத் தெரியாது. படத்தை மறுபடி ஓடவிட்டிருந்தோம். சரியாக அந்த நேரம் பும்பா வந்தது, ரோபோ சங்கர் குரலில் பேசிக்கொண்டு. ஆயா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

“காட்டுப்பன்னிங்களா அது?”

“ஆமாங்க.”

“பாடுது!”

“ஆமாங்க.”

“எங்க காட்டுல ஒரு ராத்திரிக்கு அரை ஏக்கர் மரவள்ளியத் தோண்டிப் போட்டுட்டுப் போவுது. ஒரு நாள் பாடுனதில்ல.”

அதன் பிறகு பன்றி வாயைத் திறக்கும்போதெல்லாம் ஆயா திட்டினார். திட்டிவிட்டுச் சிரித்தார். சிரித்துவிட்டு, “களவாணி, எப்புடிப் பேசுது பாரு” என்று மறுபடி திட்டினார். எங்களில் யாரும் அந்தப் படத்தை அப்படிப் பார்க்கவில்லை. மச்சினன்கூடப் புருவத்தை விட்டுவிட்டு ஆயாவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கடைசிச் சண்டைக்கு முன்னால் அவர் எழுந்துவிட்டார். பரணில் காவலிருக்கும் புருஷனுக்குச் சோறு கொண்டுபோக வேண்டும். பன்றி விரட்டத்தான் காவல்.

காலையில் மழை விட்டிருந்தது. ஆயா இட்லி வைத்துக்கொண்டே குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “அந்தப் பன்னிக்கு ஒண்ணும் ஆவலியே?”

நான் வாயைத் திறப்பதற்குள் மச்சினன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான். கழுதைப்புலிக் கூட்டத்துக்குள் பும்பா பாய்ந்த கதையை, குரலை மாற்றி, மூக்கால் முட்டி, ஹால் முழுக்க ஓடி நடித்துக் காட்டினான். அரை மணி நேரம். இரண்டு புருவமும் நெற்றி உச்சிக்கு ஏறியிருந்தன.