அப்பனுக்கு மூத்த ஆதொண்டை

கொரியாக்காரர்களுக்குப் பழங்கதை சொல்வதில் கூச்சமே கிடையாது. மகான் 54, சின்கான் 12, பியோன்கான் 12 என்று குட்டி நாடுகளாகக் கிடந்தோம் என்பார்கள். சில்லாவின் முதல் ராஜா முட்டையிலிருந்து பொரிந்தார் என்பார்கள். கூட்டினால் 78 நாடு. நம் தொண்டைமண்டலத்துக்கு 24 கோட்டம், 79 நாடு என்று கணக்கு. ஒன்று கூடுதல், நாம் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம்.

இந்த 24 கோட்டங்களை முதலில் வகுத்தவர்கள் குறும்பர்கள் என்கிறது வெள்ளைக்கார நில அளவையாளர் காலின் மெக்கன்சி ஆள் வைத்துச் சேகரித்த கதை. ஆடு மேய்த்தவர்கள், கம்பளி நெய்தவர்கள். ராஜா இல்லை, ஊருக்கொரு தலைவர், ஆகவே ஊருக்கொரு சண்டை. பஞ்சாயத்து முற்றிப்போய், ஏடு படிக்கத் தெரிந்த ஒருவரைப் பிடித்து ராஜாவாக்கினார்கள். அவர்தான் கமண்ட குறும்பப் பிரபு. புழலில் கோட்டை எழுந்தது. சமண முனிவர் ஒருவர் வந்து மதமும் சொல்லிக்கொடுத்தார்.

ஆட்டுக்காரன் கோட்டை கட்டினால் சோழனுக்குப் பொறுக்குமா? ஆதொண்டைச் சக்கரவர்த்தி படையோடு வந்தார். முதல் சுற்றில் செம உதை. சோளிங்கபுரம் பக்கம் ஓடிப் படுத்தவரின் கனவில் சிவபெருமான் வந்தார். மறுநாள் யானைக் காலை முல்லைக்கொடி சுற்ற, வாளால் வெட்ட, உள்ளே இருந்த லிங்கத்தில் ரத்தம். அப்புறமென்ன, புழல் விழுந்தது.

அங்கிருந்து பெயர்த்து வந்ததாகச் சொல்லப்படும் இரண்டு வெள்ளெருக்குத் தூண்கள் அந்த லிங்கம் இருக்கும் திருமுல்லைவாயில் மாசிலாமணீசுவரர் சன்னிதியில் இன்றும் நிற்கின்றன. நந்தி சுவாமிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறது. சண்டைக்குக் கிளம்பிய கோலமாம். எருக்கஞ்செடியைத் தூணாகும்வரை விட்டுவைத்த குறும்பர்களைப் போய் முரடர்கள் என்று எழுத எப்படித்தான் மனசு வந்ததோ!

இந்த ஆதொண்டை குலோத்துங்க சோழனின் பிள்ளையாம். குலோத்துங்கன் பட்டமேறியது 1070இல். ஆனால் தொண்டைமானின் யானையை முல்லைக்கொடி கட்டிய சங்கதியைச் சுந்தரர் தேவாரத்திலேயே பாடிவிட்டார். அப்பா பிறப்பதற்கு இருநூறு வருஷத்துக்கு முன்பே பிள்ளை ஜெயித்துவிட்டான். இதற்கு முட்டையே தேவலை.

ஜெயித்தவர்கள் குறும்பரை விரட்டினார்கள், காட்டை வெட்டினார்கள், வெள்ளாளரைக் குடியேற்றினார்கள். கோட்டங்களை மட்டும் தொடவில்லை. படுவூர்க்கோட்டம், பல்குன்றக்கோட்டம் என்று சோழர் கல்வெட்டுகள் அதே பெயர்களில்தான் கணக்கு எழுதின. வரி வாங்க வாகாக இருந்திருக்கும்.

புழலில் இப்போது மத்தியச் சிறை இருக்கிறது. கமண்ட பிரபுவைத் தேடிக்கொண்டு அங்கே போய் மனு எழுதி நிற்காதீர்கள். திருமுல்லைவாயிலுக்குப் போய்த் தூணைப் பாருங்கள்.