அரிமா வகையியல்: சேலம், நாமக்கல் வட்டார மாணாக்கர்க்கு

மாணாக்க, அரிமா இருவகைப்படும்: அசைவன, அசையாதன. முன்னதை அசைவரி என்றும் பின்னதைக் கல்லரி என்றும் வழங்குவோம்.

1. அசைவரி. உளப்பாங்கால் துணிவரி, கூச்சரி என இரண்டு. குசராத்தின் சக்கர்பாக் விலங்ககத்தில் இவ்வாறே பிரித்து ஆய்ந்தனர். இரண்டுக்கும் இடையே 'பார்த்துக்கொள்வோம் அரி' உண்டு என்பாரும் உளர்; யாம் ஏற்கிலோம்.

1.1. கூட்டுறவால் மேலும் இரண்டு. ஆண்கள் சிலராய்ச் சேர்ந்து நிலங்காப்பது உடன்காவலரி. தாயும் உடன்பிறந்தாளும் குட்டிகளுமாய் வாழ்வது தாய்க்குழுவரி. அம்மாநிலத்துக் கிர்க்காட்டில் இவ்விரண்டும் புணர்ச்சிக்கும் பேரிரைக்கும் மட்டுமே கூடும். ஆகவே அரிமாவின் இல்லறம் பற்றி எழுதுவோன் கிர்க்காட்டைப் பற்றி எழுதவில்லை எனக் கொள்க. பெண்ணரி அண்டையிலுள்ள ஆண்கள் பலரோடும் கூடும். குட்டி தன்னதோ என்று ஒவ்வோர் ஆணும் மயங்க, குட்டி பிழைக்கும். இதற்கு 'ஐயக்காப்பு' என்று பெயரிட்டோம்.

1.2. குடிபெயர்வால் மூன்று.

(அ) மறைகுடியரி: 1957இல் ஓர் ஆணும் இரு பெண்ணும் கிரிலிருந்து உத்தரப் பிரதேசத்துச் சந்திரபிரபாக் காட்டில் விடப்பட்டன. 1965இல் 11 ஆயின. பின்னர் எண்ணுதற்கு ஒன்றும் இல்லை.

(ஆ) கட்டளையரி: மத்தியப் பிரதேசத்துக் குனோவிற்கு அனுப்புக என்று 2013இல் நாட்டின் தலைமை வழக்குமன்றம் தீர்ப்புரைத்தது. அரிமா போகவில்லை, 2022இல் ஆப்பிரிக்கச் சிவிங்கி போயிற்று. இவ்வகை தாளில் மட்டுமே வாழ்வது. இரை வேண்டாது.

(இ) தானேகரி: 2023இல் ஓர் ஆண் தன் காலால் நடந்து பர்டாக் குன்றை அடைந்தது. 2025 கணக்கில் அங்கே 17; குசராத்து முழுதும் 891. கட்டளையரியையும் தானேகரியையும் அருகருகே எழுதி ஒப்பிடுக.

2. கல்லரி. இவ்வட்டாரத்துக்கு உரியது இதுவே. சங்கப் பாட்டில் கொல்லிமலைத் தலைவன் ஓரியின் ஓரம்பில் வீழ்ந்தவை யானை, புலி, மான், பன்றி, உடும்பு. அரிமா இல்லை, எனவே அசைவரி அன்றே இங்கில்லை என்பது பெறப்படும். ஓரி குறி தவறினான் என்பாரொடு பேசற்க.

2.1. குடைவரை ஆளரி: நாமக்கல்லில் உள்ளது. இறையாதலின் வகுத்தல் தகாது. கும்பிட்டு மேற்செல்க.

2.2. தூணரி: தாரமங்கலம் கயிலாயநாதர் கோயிலில் உள்ளது. வாய்க்குள் கல்லுருண்டை. பல்லிடுக்கில் விரல் நுழைத்து உருட்டலாம். வெளியே எடுக்க ஒண்ணாது. தன் இரையை விழுங்காது, விடாது, பகிராது ஆதலின் இதற்குக் கூட்டுறவு இல்லை, குடிபெயர்வும் இல்லை. உளப்பாங்கால் துணிவரியோ கூச்சரியோ என்பது தெளியப்படவில்லை. விரல் நுழைப்போர் துணிவர், நுழைப்பதுபோல் நின்று கையை இழுத்துக்கொள்வோர் கூச்சர் என இருவகையர். விரல் சிக்கினோர் அடுத்த இயலில் கூறப்படுவர்.