மூச்சை இழுத்து விடுங்கள், ஆய்வாளரே!

முனைவர் பட்ட ஆய்வாளர்களுக்கு மன அழுத்தம் கூடிவிட்டது என்பது நம் பல்கலைக்கழகங்களுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த கையோடு பரிகாரமும் செய்துவிட்டார்கள். ஒருநாள் பயிலரங்கு! காலையில் குத்துவிளக்கு, தமிழ்த்தாய் வாழ்த்து, துறைத்தலைவரின் வரவேற்புரை, பதிவாளரின் வாழ்த்துரை. எல்லாரும் வாழ்த்தி ஓய்ந்தபின் ஒரு வாழ்வியல் பயிற்சியாளர் வந்து கண்ணை மூடச் சொல்வார். மூச்சை உள்ளே இழுங்கள், நான்கு எண்ணுங்கள், மெல்ல வெளியே விடுங்கள். எதிரில் உட்கார்ந்து மூச்சு விடுகிறவர்களில் பலருக்கு மாதக்கணக்கில் உதவித்தொகை வரவில்லை என்பது பாவம், அவருக்குத் தெரியாது. மேடையில் இருக்கும் மற்றவர்களுக்குத் தெரியும். அதனால்தான் கண்ணை மூடச் சொல்லும் ஆளைத் தேடிப் பிடித்துக் கூட்டிவருகிறார்கள்.

பயிலரங்குக்குப் பதிவுக் கட்டணம் உண்டு. சான்றிதழும் உண்டு. பல்கலைக்கழகத் தரத்தை மதிப்பிடும் நாக் குழு பார்வையிட வரும்போது காட்டும் கோப்பில் அது ஒரு தாளாகச் சேரும். ஆய்வாளர் நலனுக்கு எடுத்த நடவடிக்கை: ஒன்று. ஆதாரம்: புகைப்படம்.

மூச்சுப் பயிற்சியோடு எனக்குப் பகை ஒன்றுமில்லை. மனச்சோர்வு பொய் என்றும் சொல்லவில்லை. 2018இல் நேச்சர் பயோடெக்னாலஜி இதழில் வந்த ஆய்வு 26 நாடுகளில் 2,279 பேரிடம் கேட்டது; பெரும்பாலோர் முனைவர் பட்டத்துக்குப் படிப்பவர்கள். கேட்கப்பட்டவர்களில் 39 சதவீதம் பேரிடம் மிதமானது முதல் கடுமையானது வரையிலான மனச்சோர்வு தெரிந்தது. பொதுமக்களிடம் அது 6 சதவீதம். தூக்கம் போனவர் மருத்துவரிடம் போகத்தான் வேண்டும், வெட்கப்பட அதில் எதுவுமில்லை. என் கோபம் வேறு இடத்தில். வலிக்கச் செய்கிறவரே வலி தாங்கும் வகுப்பையும் நடத்துகிறார் பாருங்கள், அங்கே.

முதலில் காசு. பல்கலைக்கழக மானியக் குழுவின் இளநிலை ஆய்வு உதவித்தொகை 2019இல் 31,000 ரூபாய், 2023 ஜனவரி முதல் 37,000 ரூபாய். இரண்டாண்டு கழித்து முதுநிலை ஆனால் 42,000. காகிதத்தில் கண்ணுக்குக் குளிர்ச்சியான தொகைதான். அது கைக்கு வரும் வழியைப் பார்க்க வேண்டும். இந்த ஆய்வாளர் இருக்கிறார், ஆய்வு செய்கிறார் என்று மாதாமாதம் பல்கலைக்கழகத்தில் ஒருவர் கனரா வங்கியின் இணையதளத்தில் ஏற்ற வேண்டும். அவருக்குப் பெயர் மேக்கர். அதை இன்னொருவர் சரிபார்த்து ஒப்புதல் தர வேண்டும், அவர் செக்கர். மேக்கர் இருக்கும் நாளில் செக்கர் விடுப்பு. செக்கர் இருக்கும் நாளில் சர்வர் விடுப்பு. இருவரும் சர்வரும் ஒன்றுகூடும் நல்ல நாளில் டெல்லியில் நிதி இல்லை. இதற்கு நடுவே ஒரு ஆளின் சாப்பாடும் வாடகையும் தொங்குகிறது என்ற நினைப்பு அந்தச் சங்கிலியில் யாருக்கும் வருவதில்லை, அவரவர் சம்பளம் முப்பதாம் தேதி சரியாக ஏறிவிடுவதால்.

நெட் தகுதித் தேர்வில் உதவித்தொகை வாங்காதவர்களின் கதை இன்னும் சுருக்கம். மத்தியப் பல்கலைக்கழகங்களில் அவர்களுக்குத் தரும் 8,000 ரூபாய் 2012இல் முடிவானது. அதையும் நிறுத்திவிடலாம் என்று 2015 அக்டோபரில் மானியக் குழுவுக்கு ஓர் அருமையான யோசனை தோன்றியது. மாணவர்கள் அதன் டெல்லி அலுவலக வாசலில் குளிரிலும் தடியடியிலும் உட்கார்ந்ததால்தான் தொகை தப்பியது. தப்பியது, அவ்வளவுதான். கூடவில்லை. சிறுபான்மை மாணவர்களுக்கான மௌலானா ஆசாத் உதவித்தொகை 2022 டிசம்பரில் தப்பவில்லை; வேறு திட்டங்களோடு ஒன்றின்மேல் ஒன்று படிகிறது என்று காரணம் சொல்லி நிறுத்தினார்கள். மாநிலப் பல்கலைக்கழகத்தில் எந்தத் தொகையும் இல்லாமல் ஆய்வு செய்பவர்தான் ஊரில் அதிகம். அவர் தனியார் கல்லூரியில் பாடம் எடுத்து, மாலையில் ட்யூஷன் எடுத்து, இரவில் ஆய்வேட்டை எடுப்பார். அவரிடம் போய், கவனம் சிதறாமல் இருக்கப் பத்து வழிகள் என்று கையேடு கொடுக்கிறார்கள்.

இங்கே சிரிக்க முடியாத ஓர் இடம் இருக்கிறது. 2016 ஜனவரியில் ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் இறந்துபோன ரோஹித் வெமுலா, தன் கடைசிக் கடிதத்தில் ஒரு கணக்கையும் எழுதிவைத்திருந்தார். ஏழு மாத உதவித்தொகை, 1,75,000 ரூபாய், தனக்கு வரவேண்டியிருக்கிறது. அது தன் குடும்பத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்று. விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்ட ஐந்து தலித் ஆய்வாளர்களில் அவர் ஒருவர். வளாகத்தில் வெட்டவெளியில் படுத்துக் கிடந்தவர். சாவின் விளிம்பில் நின்று நிலுவைத்தொகையைக் கணக்கிட வேண்டிய நிலையில் ஓர் ஆய்வாளரை வைத்த ஏற்பாடு, அதன்பின் மனநல ஆலோசனை மையங்களைத் திறந்தது. நிலுவை என்ற சொல்லை மட்டும் எந்த ஆலோசகரும் எடுப்பதில்லை.

அடுத்தது நெறியாளர். நல்ல நெறியாளர்கள் இருக்கிறார்கள். வரைவைக் கொடுத்த வாரத்திலேயே படித்து, ஓரமெல்லாம் பென்சிலால் எழுதித் திருப்பித் தருகிறவர்கள். அவர்களை வணங்கிவிட்டு மேலே போவோம். இந்தக் கட்டுரை அவர்களைப் பற்றியதல்ல, அவர்கள் கோபித்துக்கொள்ளவும் மாட்டார்கள்.

விதிப்படி ஒரு பேராசிரியர் எட்டு ஆய்வாளர்களை வைத்துக்கொள்ளலாம், இணைப் பேராசிரியர் ஆறு, உதவிப் பேராசிரியர் நான்கு. எட்டு என்பது ஆராய்ச்சிக்கு அதிகம், ஒரு குடும்பத்தை நடத்தச் சரியான எண்ணிக்கை. ஒருவர் சாரின் வகுப்புகளை எடுப்பார். ஒருவர் விடைத்தாள் திருத்துவார், மதிப்பெண் மட்டும் சாரின் கையெழுத்தில் வரும். கார் ஓட்டத் தெரிந்தவருக்கு ஆய்வுக்காலம் சற்று நீளும், ஏனென்றால் நல்ல டிரைவரை யார் அனுப்புவார்கள்? சாரின் பெண்ணுக்குக் கல்யாணம் என்றால் எட்டு பேரும் பந்தியில் நிற்பார்கள். “என்னப்பா, அத்தியாயம் மூணு என்னாச்சு?” என்று சாம்பார் வாளியோடு போகிறவரைச் சார் நிறுத்திக் கேட்பார். அத்தியாயம் மூன்று நாலு மாதமாக அவர் மேசையில் இருக்கிறது. “நீங்க பாத்துட்டா போதும் சார்” என்று சொல்லும் குரலில் எத்தனை வருடப் பணிவு இருக்கிறது என்பதைக் கேட்டே ஆள் இரண்டாம் ஆண்டா, ஐந்தாம் ஆண்டா என்று சொல்லிவிடலாம்.

ஏன் இவ்வளவு பணிவு? கையெழுத்து. ஆறு மாதத்துக்கு ஒருமுறை முன்னேற்ற அறிக்கை, டாக்டரல் கமிட்டி, உதவித்தொகைப் படிவம், சினாப்சிஸ், கடைசியில் ஆய்வேடு, எல்லாவற்றிலும் அந்த ஒரே கையெழுத்து. நெறியாளரை மாற்றிக்கொள்ள விதியில் இடமுண்டு. அதற்குப் பழைய நெறியாளரின் தடையில்லாச் சான்று கேட்பார்கள். அதில் யார் கையெழுத்து என்று வேறு சொல்ல வேண்டுமா?

பெண் ஆய்வாளர் என்றால் இதே பட்டியலில் கூடுதல் வரிகள். கல்யாணம் ஆகாதவரிடம், நடுவில் கட்டிக்கிட்டுப் போயிடுவியாம்மா என்ற கேள்வி. ஆனவரிடம், குழந்தை கிழந்தை என்று வந்து நிற்காதே என்ற அறிவுரை. 240 நாள் மகப்பேறு, குழந்தைப் பராமரிப்பு விடுப்பு விதியில் இருக்கிறது. கேட்டுப் பார்த்தவர்களுக்கு அந்த விதியைத் துறை அலுவலகத்துக்கே அறிமுகம் செய்துவைக்கும் பாக்கியமும் கிடைக்கிறது. ஞாயிற்றுக்கிழமை திருத்தம் சொல்கிறேன், வீட்டுக்கு வா என்கிற நெறியாளர்களைப் பற்றி எல்லா வளாகங்களிலும் எல்லாருக்கும் தெரியும். புகார்க் குழுவுக்கு மட்டும் ஆதாரம் கிடைப்பதில்லை. கையெழுத்து இன்னும் பாக்கியிருக்கும் பெண் எப்படிப் புகார் எழுதுவாள் என்று அந்தக் குழுவில் ஒருவர்கூடக் கேட்பதில்லை. இதற்கும் மூச்சை இழுத்து விடலாமா?

நாக் குழு வரும் ஆண்டில் வேறு எந்த வேலையும் ஓடாது. மூன்றாவது கிரைட்டீரியன் ஆராய்ச்சி பற்றியது. துறையில் ஆராய்ச்சி எவ்வளவு செழித்திருக்கிறது என்று அதில் நிரூபிக்க வேண்டும். ஆய்வாளர்கள் அத்தனை பேரும் ஆய்வகத்தையும் நூலகத்தையும் பூட்டிவைத்துவிட்டு, ஆராய்ச்சி செழிக்கும் கோப்பைத் தட்டச்சு செய்கிறார்கள். தர மதிப்பெண் ஏறுகிறது. ஆய்வேடு அந்த ஒரு வருடம் அப்படியே நிற்கிறது. அவர்கள் செய்யாமல் விட்ட ஆராய்ச்சிக்காகத்தான் பல்கலைக்கழகத்துக்கு அந்த மதிப்பெண்!

கட்டுரை வெளியிடுவது பெரிய கூத்து. சில ஆயிரம் அனுப்பினால் ஒரே வாரத்தில் பன்னாட்டு இதழ் ஒன்று நம் கட்டுரையை வெளியிட்டு, சான்றிதழும் அனுப்பும். இதழின் பன்னாட்டுத்தன்மை என்பது ஆசிரியர் குழுவில் இருக்கும் ஒரு வெள்ளைக்காரரின் புகைப்படம். மானியக் குழு தானே ஏற்று வைத்திருந்த பட்டியலிலிருந்து 2018 மே மாதம் 4,305 இதழ்களை ஒரே மூச்சில் நீக்கியது. ஏற்றபோது யார் பார்த்தார்கள் என்று கேட்கக் கூடாது. பிறகு கேர் பட்டியல் என்று புதிதாக ஒன்று வந்தது. 2025இல் அதையும் கைவிட்டார்கள். கட்டுரை வெளியிட்டே ஆகவேண்டும் என்ற கட்டாயத்தை 2022 விதிகளில் எடுத்தாயிற்று. ஆனால் தாங்களாக வைத்துக்கொள்ளும் பல்கலைக்கழகங்களை யார் தடுப்பது? ஆக, பட்டியல் செத்துப்போனது, பணம் கட்டிய ரசீது உயிரோடு இருக்கிறது. கருத்துத் திருட்டுக்கும் விதி இருக்கிறது. 10 சதவீதம் வரை பொருத்தம் இருந்தால் தண்டனை இல்லை, 60 சதவீதத்தைத் தாண்டினால் பதிவு ரத்து. ஆய்வாளரின் கட்டுரையில் முதல் பெயராகத் தன் பெயரைப் போட்டுக்கொள்ளும் நெறியாளருக்கு எத்தனை சதவீதம் என்று பொருத்தம் பார்க்கும் மென்பொருள் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

எப்படியோ ஆய்வேடு முடிகிறது. நூலகம், விடுதி, ஆய்வகம் என்று ஒவ்வொரு வாசலிலும் நோ டியூஸ் வாங்க வேண்டும். பந்தையே தொடாதவர் விளையாட்டுத் துறையில் போய், தான் எந்த மட்டையையும் திருடவில்லை என்று எழுதி வாங்கிவர வேண்டும். ஒப்படைத்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் வாய்மொழித் தேர்வு வரை முடித்துவிட வேண்டும் என்கிறது 2022 விதி. புறத்தேர்வாளரின் அறிக்கைக்காக அதைவிட நீண்டகாலம் காத்திருப்பவர்கள் கேட்டால், இப்படி ஒரு விதி இருப்பதைத் தேர்வுப் பிரிவு எழுத்தர் சுவாரஸ்யமாகக் கேட்டுக்கொள்வார்.

வாய்மொழித் தேர்வு நாள் என்பது ஒரு சின்ன நிச்சயதார்த்தம். புறத்தேர்வாளரை ரயிலடியில் போய் அழைத்துவர வேண்டும், காருக்கு ஏசி வேண்டும். லாட்ஜ் அறை, அதற்கும் ஏசி. பொன்னாடை அவருக்கு, நெறியாளருக்கு, துறைத்தலைவருக்கு, வந்திருக்கும் எல்லாப் பேராசிரியர்களுக்கும். மட்டன் பிரியாணி, சைவம் சாப்பிடும் இருவருக்குத் தனி ஏற்பாடு. மறக்கக்கூடாத ஒன்று கவர். பயணப்படியும் மதிப்பூதியமும் பல்கலைக்கழகம் தருகிறது, அதற்காக ஆய்வாளரிடம் கட்டணமும் வாங்கியிருக்கிறது. இருந்தாலும் கவர். யாரும் கேட்பதில்லை, அதுதான் இதன் அழகு. “அவருக்கு என்ன பண்றீங்க?” என்று மூத்த ஆய்வாளர் ஒருவர் மூலம் விசாரிப்பார்கள், அவ்வளவே. அம்மாவின் தோடு அடகுக்குப் போகிறது. நாற்பது நிமிடத் தேர்வில் மூன்று கேள்விகள். மேற்கோள் குறி ஏன் சில இடத்தில் ஒற்றை, சில இடத்தில் இரட்டை? பக்கம் 112இல் எழுத்துப்பிழை கவனித்தீர்களா? மூன்றாவது கேள்வி எல்லாத் துறைக்கும் பொது: இந்த ஆய்வால் சமுதாயத்துக்கு என்ன பயன்? பின்வரிசையில் பிரியாணி வாசனைக்குத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருக்கும் சமுதாயத்துக்கு உடனடிப் பயன் இருக்கத்தான் செய்கிறது.

பட்டம் வந்துவிட்டது. 2021 ஜூலை முதல் பல்கலைக்கழகத் துறைகளில் உதவிப் பேராசிரியராக முனைவர் பட்டம் கட்டாயம் என்று 2018இல் மானியக் குழு அறிவித்தது. அதை நம்பி எத்தனையோ பேர் இருந்த வேலையை விட்டுவிட்டுப் பதிவு செய்தார்கள். 2021 வந்ததும் கொரோனாவைச் சொல்லி 2023 ஜூலைக்குத் தள்ளினார்கள். 2023 ஜூலை வந்ததும் கட்டாயமில்லை, நெட்டோ, மாநில அளவிலான செட் தேர்வோ போதும் என்று திருத்தினார்கள். ஆட்டத்தின் நடுவில் கோல் கம்பத்தை எடுத்துக்கொண்டு போனவர்கள், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தவர்களிடம் ஒரு வார்த்தை வருத்தம் தெரிவிக்கவில்லை. தமிழ்நாட்டில் 2024 மார்ச்சில் அரசுக் கல்லூரிகளுக்கு 4,000 உதவிப் பேராசிரியர் பணியிடங்கள் அறிவிக்கப்பட்டன. ஆகஸ்டில் தேர்வு என்றார்கள். ஆகஸ்டும் வந்தது, தேர்வு தள்ளிப்போனது.

அதுவரை கௌரவ விரிவுரையாளர். ஒரு வகுப்புக்கு 1,500, மாதத்துக்கு 50,000 வரை தரலாம் என்று மானியக் குழு 2019இல் சொல்லியிருக்கிறது. நம் அரசு 2023இல் 20,000ஐ 25,000 ஆக்கியது, கௌரவத்தைத் தனியாகக் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது. அதே 2023இல், ஆய்வு செய்துகொண்டிருக்கும்போது முதுநிலை உதவித்தொகையாக அவர் வாங்கியது 42,000. படித்து முடித்த குற்றத்துக்கு மாதம் 17,000 ரூபாய் தண்டம். மே மாதத்துக்குச் சம்பளமே கிடையாது என்பதால் அந்த மாதம் மட்டும் முழுத் தண்டம்.