சேதாரத்துக்கு ஒரு பத்தி

என் அப்பா கும்பகோணம் பக்கத்தில் ஒரு ரைஸ் மில்லில் கணக்குப்பிள்ளை. முப்பது வருஷம் அதே மேஜை, அதே நீளப் பேரேடு. பள்ளி விடுமுறையில் சாப்பாட்டுக் கேரியரைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, அவர் எழுதுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். முதல் பத்தியில் உள்ளே வந்த நெல். அடுத்தடுத்து அரிசி, குருணை, தவிடு, உமி. கடைசியில் குறுகலாக ஒரு பத்தி. அதன் தலையில் ‘சேதாரம்’ என்று எழுதியிருப்பார். களத்தில் காயும்போது போன ஈரம், சாக்கு ஓட்டையில் சிந்தியது, எலி தின்றது எல்லாம் அதற்குள் அடக்கம். எல்லாவற்றையும் கூட்டினால் நெல்லின் எடை வரவேண்டும். வந்தால்தான் பேனாவை மூடுவார். வராத நாளில் வீட்டில் இரவுச் சாப்பாடு தள்ளிப்போகும்.

1982-ல் பிளஸ் டூ முடித்து, கிண்டி ஏ.சி. டெக்கில் கெமிக்கல் இன்ஜினியரிங் சேர்ந்தேன். இந்தப் படிப்பின் அரிச்சுவடி மாஸ் பேலன்ஸ். ஒரு கலனுக்குள் போனதிலிருந்து வெளியே வந்ததைக் கழித்தால் உள்ளே தங்கியது. ஒரு கிலோ உதைத்தாலும் விடை தப்பு. இது அப்பாவின் பேரேடுதான் என்பது அன்று எனக்குப் புரியவில்லை. அவர் பார்ப்பது கணக்கு, நான் படிப்பது விஞ்ஞானம் என்று நினைத்திருந்தேன். நான் உட்கார்ந்திருந்த கல்லூரியே 1944-ல் கோட்டையூர் அழகப்பச் செட்டியார் என்ற தொழிலதிபரின் கொடையால் எழுந்தது. வியாபாரத்தில் வந்த பணம் ரசாயனத் தொழில்நுட்பத்துக்குக் கட்டடம் எழுப்பியிருக்கிறது. அதன் பொருளையும் நான் யோசித்ததில்லை.

அந்த நாட்களில் எங்களுடைய பெரிய ஆயுதம் கிராஃப் தாளும் கூர் சீவிய பென்சிலும். இரண்டு திரவங்களைக் காய்ச்சிப் பிரிக்கும் கோபுரத்துக்கு எத்தனை தட்டுகள் வேண்டும் என்று கண்டுபிடிக்க, மெக்கேப், தீல் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 1925-ல் ஒரு வரைமுறை சொன்னார்கள். மூலைக்கு மூலை ஒரு நேர்கோடு, அதற்கு மேலே வில்லாக ஒரு வளைகோடு, நடுவில் இரண்டு இயக்கக் கோடுகள். வளைகோட்டுக்கும் இயக்கக் கோடுகளுக்கும் இடையே படிக்கட்டு மாதிரி கோடு போட்டுக்கொண்டே இறங்க வேண்டும். எத்தனை படியோ அத்தனை தட்டு. பென்சில் முனை தடித்துவிட்டால் ஒரு படி கூடிவிடும்; அழித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து. பன்னிரண்டு படி இறங்க ஒரு மணி நேரம் ஆகும்.

அந்தப் படத்தில் ரிஃப்ளக்ஸ் என்று ஒன்று உண்டு. கோபுரத்தின் உச்சியில் ஆவி குளிர்ந்து திரவமாகிறது. அதில் ஒரு பங்கைத் திரும்பவும் கோபுரத்துக்குள் விடுவதுதான் ரிஃப்ளக்ஸ். எவ்வளவு விடலாம்? குறைந்தபட்ச அளவைப் போல் ஒன்றரை மடங்கு என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுவோம். ஏன் ஒன்றரை, ஏன் மூன்று இல்லை என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

கேட்டிருந்தால் விடை பொருளாதாரப் பாடத்தில் கிடைத்திருக்கும். ரிஃப்ளக்ஸைக் கூட்டினால் தட்டுகள் குறையும், கோபுரம் குட்டையாகும், முதலீடு மிச்சம். ஆனால் திரும்ப விட்டதையெல்லாம் மறுபடி கொதிக்க வைக்க நீராவி வேண்டும். அது தினப்படிச் செலவு. ரிஃப்ளக்ஸைக் குறைத்தால் கதை தலைகீழ். ஒரு முறை போடும் பணத்துக்கும் தினமும் போகும் பணத்துக்கும் நடுவில் மொத்தச் செலவு எங்கே குறைவோ அங்கேதான் கோபுரத்தின் உயரம் முடிவாகிறது. இரும்பின் விலையும் எரிபொருளின் விலையும் சேர்ந்து போடும் கோடு அது.

விலை பற்றிய பாடத்தை விடுதியில் நாங்கள் யாரும் மதித்ததில்லை. பாஸ் மார்க் வந்தால் போதும் என்பதுதான் பேச்சு. அதில் ஒரு விதி மட்டும் மனசில் ஒட்டியது. ஆலையின் கொள்ளளவை இரண்டு மடங்காக்கினால் செலவு இரண்டு மடங்காகாது. ஏறக்குறைய ஒன்றரை மடங்குதான் ஆகும். நாளுக்கு 100 டன் ஆலைக்கு 10 கோடி என்றால், 200 டன் ஆலைக்குச் சுமார் 15 கோடி. காரணம் எளிது. தொட்டி பெரிதாகப் பெரிதாக அதன் உள்ளளவு ஏறும் வேகத்துக்கு, அதைச் செய்யத் தேவையான தகட்டின் பரப்பு ஏறாது. வீட்டில் பெரிய அண்டாவுக்கும் சின்ன அண்டாவுக்கும் உள்ள வித்தியாசம்தான். பெரிய தொழிற்சாலைகள் ஏன் மேலும் மேலும் பெரிதாகின்றன என்பதை எனக்குச் சொன்னது இந்த ஒரு வரி.

மூன்றாம் வருஷம் படிக்கும்போது, 1984 டிசம்பர் 2-ம் தேதி நள்ளிரவு கடந்து, போபால் விஷவாயுக் கசிவு நடந்தது. பூச்சிமருந்து தயாரிக்கும் வழியில் வரும் மெத்தில் ஐசோசயனேட் என்ற இடைப்பொருள், அங்கிருந்த ஆலையின் ஒரே தொட்டியில் 40 டன்னுக்கு மேல் இருந்தது. தண்ணீர் உள்ளே புகுந்து, சூடேறி, விஷ ஆவியாக ஊருக்குள் இறங்கியது. தூங்கிக்கொண்டிருந்தவர்கள் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். விடுதி வராந்தாவில் ஒரே பேப்பரை இருபது பேர் சுற்றி நின்று படித்தோம். அந்தத் திரவம் 39 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்பது எங்களுக்குத் தெரியும். அதைக் குளிர வைக்க வேண்டிய இயந்திரம் மாதக்கணக்காக நிறுத்தப்பட்டிருந்தது, கசிவை எரித்துவிட வேண்டிய கோபுரத்துக்குப் போகும் குழாய் பழுதுக்காகக் கழற்றப்பட்டிருந்தது என்பதெல்லாம் பிறகுதான் வெளிவந்தது.

அதைப் படித்த நாளிலிருந்து ஒரு கேள்வி என்னை விடவில்லை. குளிர்பதன இயந்திரத்தை நிறுத்தினால் மாதம் இவ்வளவு மிச்சம் என்று கணக்கில் எழுதலாம். நிறுத்தியதால் வந்த ஆபத்தை எந்தப் பத்தியில் எழுதுவது?

1986-ல் படிப்பு முடிந்து மணலியில் ஒரு ஆலையில் ஷிஃப்ட் இன்ஜினியர் ஆனேன். கரைப்பான் அனுப்பும் பம்பு ஒன்றில் கசிவைத் தடுக்கும் மெக்கானிக்கல் சீல் தேய்ந்து சொட்டத் தொடங்கியது. ‘கசிவு. சீல் உடனே மாற்றவும்’ என்று லாக் புத்தகத்தில் எழுதினேன். புது சீல் கேட்டு இரண்டு முறை இண்டென்ட் போட்டேன். பட்ஜெட்டில் இடமில்லை என்று இரண்டு முறையும் திரும்பி வந்தது. எனக்குக் கோபம்தான் வந்தது, வாதாடத் தெரியவில்லை. எட்டாம் வாரம் சீல் முழுவதுமாகப் போய், ஆலையை மூன்று நாள் நிறுத்தினோம். தீப்பிடிக்காதது எங்கள் அதிர்ஷ்டம்.

அன்று என்னோடு இருந்த மூத்த ஆபரேட்டர் ஒருவர் சொன்னார்: “தம்பி, நீங்க இங்கிலீஷ்ல எழுதுறீங்க. அவங்களுக்கு ரூபாய்ல எழுதணும்.”

அடுத்த வருஷமே அஞ்சல் வழியில் எம்.பி.ஏ. சேர்ந்தேன். இரவு ஷிஃப்ட் முடிந்து பாடம் படிப்பேன். தேய்மானம், முதல் திரும்பும் காலம், பேலன்ஸ் ஷீட். அதற்கு நம் ஊரில் ஐந்தொகை என்று பழைய பெயர் உண்டு. அப்பா வாயில் சின்ன வயதிலிருந்து கேட்ட சொல். அந்தச் சொல்லைத் தமிழில் நினைத்துப் பார்த்தபோதுதான் மில்லும் பேரேடும் என் கண்முன் வந்தன. மாஸ் பேலன்ஸும் ஐந்தொகையும் ஒரே ஒழுங்கு. ஒன்று கிலோவில், மற்றது ரூபாயில்.

இன்னொரு பம்பு சொட்டியபோது ஒரு வாளியையும் கைக்கடிகாரத்தையும் எடுத்துக்கொண்டு போனேன். மணிக்கு 2 லிட்டர். நாளுக்கு 48 லிட்டர். லிட்டர் 15 ரூபாய் என்றால் தினமும் 720 ரூபாய் தரையில் ஓடுகிறது. சீலின் விலை 12,000. பதினேழாம் நாளே போட்ட பணம் திரும்பிவிடும். ஒரே பக்கத்தில் இதை எழுதி அனுப்பினேன். நான்காம் நாள் சீல் வந்தது.

இன்று என் தங்கை மகள் இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் கெமிக்கல் இன்ஜினியரிங்கையும் வணிக மேலாண்மையையும் ஒரே பட்டமாகப் படிக்கிறாள். நான் பத்து வருஷத்தில் இரண்டு துண்டாகப் படித்ததை அவள் ஒரே கால அட்டவணையில் படிக்கிறாள். காலையில் வெப்ப இயக்கவியல், மதியம் நிதிக்கணக்கு. கிராஃப் தாள் கிடையாது. 1970-களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் தொடங்கிய ஆராய்ச்சியிலிருந்து வளர்ந்த ஆஸ்பென் மென்பொருளில் எண்களைக் கொடுத்தால், சில நொடியில் தட்டுகளின் எண்ணிக்கை வந்துவிடுகிறது. கோபுரத்தின் உத்தேச விலையும் கூடவே வருகிறது.

போன மாதம் போனில் கேட்டாள்: “மாமா, ரிஃப்ளக்ஸைக் கூட்டினா கோபுரம் சின்னதாகுது, நீராவிச் செலவு ஏறுது. நான் எதை வச்சு முடிவு பண்றது?”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. நான் கேட்காமல் விட்ட கேள்வியை, இருபது வயதில் அவள் கேட்டுவிட்டாள். நீராவி விலை, வட்டி, ஆலையின் ஆயுள் மூன்றையும் வைத்துப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். பிறகு அவளுடைய திட்ட அறிக்கையை அனுப்பச் சொல்லிப் படித்தேன். முதலீடு, நடப்புச் செலவு, வருமானம், லாபம் எல்லாம் நேர்த்தியாக இருந்தன.

“இடைப்பொருளை எவ்வளவு நாளைக்குத் தேக்கி வைக்கிறம்மா?”

“ஒரு வாரத்துக்கு மாமா. சப்ளை தடைபட்டாலும் ஆலை நிக்காது.”

“அது கசிஞ்சா?”

கொஞ்ச நேரம் பேச்சில்லை. “அதுக்கு ஒரு பத்தி போடலை மாமா” என்றாள். அவளுக்கு என் அப்பாவின் பேரேட்டைப் பற்றிச் சொன்னேன். அடுத்த வாரம் திருத்தி அனுப்பினாள். தேக்கம் ஒரு நாளாகக் குறைந்திருந்தது. தொட்டி சிறியதானதில் முதலீடும் கொஞ்சம் இறங்கியிருந்தது.

இரண்டு படிப்பையும் சேர்த்துப் படிப்பது நல்லதா என்று பெற்றோர்கள் என்னிடம் கேட்கிறார்கள். நல்லது என்றுதான் சொல்கிறேன். பணம் தெரியாத இன்ஜினியர் சரியானதைச் சொல்லியும் தோற்றுப்போவார். ரசாயனம் தெரியாத மேலாளர் எதை மிச்சம் பிடிக்கக் கூடாது என்று தெரியாமலே வெட்டிவிடுவார். போபாலுக்குப் பிறகு நாட்டில் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் 1986-ல் வந்தது, தொழிற்சாலைச் சட்டம் 1987-ல் திருத்தப்பட்டது. ஆனால் சட்டம் ஆலை வாசலுக்கு வருவதற்கு முன்னால், கணக்கு எழுதுகிற மேஜையில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். அந்த இடத்துக்கு நாளை வரப்போவது இந்தப் பெற்றோர்களின் பிள்ளைகள்தான்.

இந்தப் படிப்பில் சேரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். எந்தத் திட்டம் போட்டாலும், லாபத்தைக் கூட்டுவதற்கு முன்னால் சேதாரத்துக்கு ஒரு பத்தி விடுங்கள். அதை மறைக்காமல் நிரப்புங்கள். கணக்கு நேர் ஆன பிறகு பேனாவை மூடுங்கள்.