ஆறு வளையம், மூன்று அளவு

போலகத்திலிருந்து நாகூர் கூப்பிடு தூரம். ஆனால் அது தமிழ்நாடு, நாங்கள் புதுச்சேரி மாநிலம். நாகூர்க் கடைக்குச் சரக்கு அனுப்பினாலும் அது வெளிமாநில விற்பனைதான். குறைந்த வரியில் பில் போட்டால், வாங்கியவர் பிறகு 'சி ஃபாரம்' கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் வித்தியாசத்தை விற்றவர் கட்ட வேண்டும். போலகத்தில் ஒரு சிறு ஆலையில் சரக்கு அனுப்பும் பிரிவில் நான் இருந்த காலத்தில் பாதி வேலை இந்த ஃபாரத்தைக் கேட்டு அலைவதுதான். யார் கொடுத்தார்கள், யார் பாக்கி, எந்த பில்லுக்கு என்ற கணக்கு முழுவதும் ஒரு தோல் ரிங் டைரிக்குள் இருந்தது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தது, அந்த அலைச்சல் போயிற்று. இன்று அதே வேலையில் இருக்கும் பையன் இ-வே பில்லைப் போனிலேயே எடுத்து டிரைவருக்கு அனுப்பிவிடுகிறான். அது நல்ல மாற்றம், சந்தேகமே இல்லை. ஆனாலும் அந்த டைரியைப் பற்றி எழுத வேண்டும் என்று வெகுநாளாக எனக்கு ஆசை.

டைரி வந்தது பாரிஸிலிருந்து. காரைக்கால் பக்கம் சொல்தா குடும்பங்களைத் தெரியாதவர் கிடையாது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து, 1962-க்குப் பிறகு பிரெஞ்சுக் குடியுரிமையோடு அங்கேயே தங்கிவிட்டவர்கள். அப்படிப்பட்ட வீட்டில் பெண் எடுத்தவர் என் சித்தப்பா. லீவுக்கு வரும்போது எல்லோருக்கும் செண்ட், சாக்லெட், சோப்பு என்று கொண்டுவருவார். எனக்கு மட்டும் தான் வைத்திருந்த ஃபைலோஃபேக்ஸ் ரிங் டைரியைக் கொடுத்தார். வின்செஸ்டர் என்ற மாடல், இங்கிலாந்தில் செய்தது, கன்றுக்குட்டித் தோல். வளையத்தின் விட்டம் 7/8 அங்குலம். அந்த மாடல் நின்றுபோய் வெகுகாலம் ஆகிறது.

அவர் கொடுத்தது 'பர்சனல்' அளவு. அதைவிடச் சிறிய 'பாக்கெட்' அளவை அவர் மகன் வைத்திருந்தான். பின்னாளில் எங்கள் முதலாளியின் மேஜையில் ஏ5 அளவில் ஒன்று வந்து உட்கார்ந்தது. ஆக மூன்றையும் கையில் எடுத்து, எழுதிப் பார்த்தே நான் சொல்கிறேன்.

பாக்கெட் தாள் 81 மில்லிமீட்டர் அகலம், 120 உயரம். சட்டைப்பையில் கஷ்டப்பட்டு நுழையும். ஆனால் நம் ஊர் முகவரிக்கு அதில் இடம் கிடையாது. இன்னார் மகன் இன்னார், கதவு எண், தெரு, கிராமம், அஞ்சல், தாலுகா, மாவட்டம், பின்கோடு என்று எழுதி முடிப்பதற்குள் பக்கம் தீர்ந்துவிடும். ஏ5 தாளோ 148-க்கு 210. எழுதச் சுகமாக இருக்கும், கடிதம்கூட எழுதலாம். ஆனால் தோலும் வளையமும் சேர்ந்து அது கனக்கும், டி.வி.எஸ். வண்டியில் போகிறவன் எங்கே வைப்பான்? முதலாளியின் டைரி மேஜையை விட்டு எழுந்ததே இல்லை. பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது தேவைப்படுகிற நம்பர் ஆலையில் இருந்தால் யாருக்கு லாபம்?

பர்சனல் தாள் 95-க்கு 171. பரப்பில் ஏ5-ல் பாதியைவிடக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். நிமிர்த்தி வைத்தால் ஒரு பக்கத்துக்கு இரண்டு முழு முகவரி. பக்கவாட்டில் திருப்பினால் 171 மில்லிமீட்டர் அகலம் கிடைக்கிறது. அதில் நான்கு கட்டம் போட்டுப் பில் எண், தேதி, தொகை, 'சி ஃபாரம் வந்ததா' என்று எழுதிக்கொண்டேன். என் உத்தியோகத்துக்கென்றே யாரோ அளந்து வெட்டியது போல இருந்தது.

கொடுக்கும்போதே சித்தப்பா சொன்னார்: "தம்பி, பெருசா இருந்தா நிறைய எழுதலாம்னு நினைக்காத. பெருசை வீட்டுல வச்சிட்டுப் போயிடுவ. கூட வர்றதுதான் டைரி." நான் சேர்க்க ஒன்றுமில்லை.

வளையத்தின் அருமையைக் காட்டியவை நம் மாவட்டங்கள். 1991 அக்டோபரில் தஞ்சாவூர் மாவட்டத்திலிருந்து நாகை காயிதே மில்லத் மாவட்டம் பிரிந்தது. 1997-ல் மாவட்டப் பெயர்களிலிருந்து தலைவர்கள் பெயர் எடுக்கப்பட்டது, திருவாரூரும் தனியாகப் போயிற்று. ஒரே திருவாரூர்க்காரர், வீடு மாறாமலே மாவட்டம் மட்டும் இரண்டு முறை மாறினார். பிறகு இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் எல்லா டெலிபோன் நம்பருக்கும் முன்னால் ஒரு 2 சேர்ந்தது. நாகப்பட்டினம் 04365, காரைக்கால் 04368, கும்பகோணம் 0435 என்று எஸ்.டி.டி. கோடு வாரியாகத் தாள் பிரித்து வைத்திருந்தேன். தைத்த டைரியாக இருந்தால் அடித்துத் திருத்தியே நாறியிருக்கும். இதிலோ பழைய தாளைக் கழற்றி, புதுத் தாளில் எழுதி மாட்டினால் தீர்ந்தது.

தாள் கழல்வதால் இன்னொரு பலனும் உண்டு. 2004 டிசம்பர் 26 சுனாமி காரைக்கால் கடற்கரையைச் சூறையாடியது. அன்று இங்கிருந்து வெளியூருக்குப் பேச முடியவில்லை. உறவுக்காரர்கள் நம்பர் இருந்த தாள்களைக் கழற்றி, கும்பகோணம் போகிற தெரிந்தவரிடம் கொடுத்தனுப்பினேன். அவர் அங்கிருந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, நாங்கள் பிழைத்திருப்பதைச் சொன்னார். இதே போன்ற ஒன்றைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன்: லண்டனில் இந்த டைரியை விற்ற நார்மன் அண்ட் ஹில் கம்பெனியின் அலுவலகம் 1940-ல் ஜெர்மன் குண்டுவீச்சில் அழிந்தது. கிரேஸ் ஸ்கர் என்ற அம்மையார், ஃபைலோஃபேக்ஸ் என்ற பெயரையே வைத்தவர், வாடிக்கையாளர் விவரங்களைத் தன் சொந்த டைரியில் எழுதி வைத்திருந்தார். அதை வைத்துத்தான் வியாபாரத்தை மீண்டும் நிமிர்த்தினார்கள்.

இப்போது என் போனிலும் நூற்றுக்கணக்கான பெயர்கள் கிடக்கின்றன. பாதிப் பேர் யாரென்றே தெரியாது. இடம் குறையாததால் யாரையும் எடுத்துப்போட வேண்டிய அவசியம் வரவில்லை. டைரியில் வளையம் நிறைந்துவிடும். தை பிறந்ததும் உட்கார்ந்து, அழுக்கேறிய தாள்களைப் புதிதாக எழுதுவேன். ஒவ்வொரு பெயராகக் கை கடந்து போகும்போது, இவரோடு பேசி ஒரு வருஷம் ஆயிற்றே என்று தோன்றும், அன்றைக்கே பேசிவிடுவேன். போனில் எனக்கு அந்த வேலை நடப்பதே இல்லை. இதை நான் பெரிய நஷ்டமாகவே நினைக்கிறேன்.

எங்கள் கடற்கரையில் தோலைக் காப்பாற்றுவது லேசில்லை. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் பூஞ்சை பூக்கும், உப்புக்காற்றில் வளையம் துருப்பிடிக்கும். உலர்ந்த துணியால் துடைத்து நிழலில் காய வைத்தால் போதும். வெயிலில் போட்டால் தோல் வெடித்துவிடும்.

காரைக்கால், திருமலைராயன்பட்டினம், போலகம் பக்கம் பிரான்சிலிருந்து வந்த பெட்டிகளில் இப்படி ஒரு டைரி இன்னும் கிடக்கலாம். தாள் கிடைக்காது என்று நினைத்து எடைக்குப் போட்டுவிடாதீர்கள். டெஸ்க்ஃபேக்ஸ் என்ற பெரிய அளவு மட்டும் ஒன்பது வளையம், அது நின்றுவிட்டது. மற்றவற்றின் துளை இடைவெளி அன்றுபோலவே இருக்கிறது. பழைய தாள் ஒன்றை மேலே வைத்து அடையாளம் போட்டு, ஒற்றைத் துளை பஞ்சிங் மெஷினால் குத்தினால் சரியாக உட்காரும். ஒரு ஏ4 காகிதத்தில் பர்சனல் தாள் மூன்று வெட்டலாம், பாக்கெட் தாள் என்றால் ஐந்து.